தடுத்து வைத்த காசு

ஒக்ரோபர் 7, 2025, செவ்வாய்

குணேசக்கா ஓம் எண்டிட்டா!

காலையில் ஆஸ்பத்திரியில் ஒரு ஐயாவின் சிறுநீரகக் கல்லைப் பிரெஞ்சில் டொக்டருக்கு விளங்கப்படுத்தினேன். டொக்டர் கேட்டது எங்கே நோகுது என்று. ஐயா சொன்னது தன்னுடைய மருமகன் சரியில்லை என்று. இரண்டையும் சேர்த்து மொழிபெயர்த்துக் களைத்துப்போய் நேரே ஜான்-டலோன் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு மரக்கறிக் கடையில் குணேசக்காவுக்கு வேலை. குடைமிளகாய் அடுக்கிக்கொண்டு நின்றா. நான் ஒன்றும் கேட்கவில்லை. சாட்சி சொல்லுங்கோ என்று இரண்டு வருசமாகக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. தக்காளி தாங்கோ அக்கா என்றேன். தக்காளியை நிறுத்துக்கொண்டே, தலை நிமிராமல், "சரி தாட்சா, நான் அந்த அம்மாவுக்குச் சொல்லுறன்" என்றா.

நான் காசு குடுக்காமலே வெளிக்கிட்டிருக்கிறேன். பின்னால் கூப்பிட்டு வாங்கினா.

ஒரு நிபந்தனை போட்டா. "ஒருக்காத்தான் சொல்லுவன். இரண்டாந்தரம் சொல்ல என்னிலை சத்தி இல்லை. நீ பக்கத்திலை இருந்து அப்பிடியே சொல்லவேணும். ஒரு சொல்லும் சிந்தப்படாது."

அவவின் மனுசன் அருமைநாதனை ஊரில் யுத்தம் முடிந்த நாட்களில் ஆமிக்காரர் ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினாறு வருசம். அந்த நாளைப்பற்றி அவ ஒருவருக்கும் வாய் திறந்ததில்லை. மகள் நிருஷாவுக்கும் இல்லை. அவள் அப்ப கைக்குழந்தை, இப்ப இங்கே சேஜெப் கல்லூரியில் படிக்கிறாள். அப்பா காணாமல் போனவர் என்ற ஒரு வசனம்தான் அவளுக்குத் தெரியும்.

"ஏனக்கா இப்ப மட்டும்?" என்று கேட்டேன்.

"அந்த அம்மா பதவியிலை இருக்கிறவ எல்லே. அருமைநாதன் எங்கையெண்டு அவ பேர் சொல்லி எங்கடை ஊர் அரசாங்கத்தைக் கேட்டா, பதில் சொல்லத்தானே வேணும். நான் கேட்டா ஆர் திரும்பிப் பாக்கினம்?"

பின்னேரம் என் மனுசன் மகேனுக்கு இதெல்லாம் சொன்னால் அவருக்கு நீதிபதி அம்மா யார் என்றே நினைவில்லை. எத்தினை தரம்தான் இந்த மனுசனுக்குச் சொல்வது! காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கான சர்வதேச விசாரணையாளர் என்று பல நாடுகள் சேர்ந்து ஒரு பதவி வைத்திருக்கினம், இப்ப அதில் இருக்கிறவ தென்னமெரிக்காவில் நீதிபதியாக இருந்தவ, மொன்றியலில் அவவுக்கு இரண்டு அறையில் ஒரு அலுவலகம், சென்னைக்காரப் பெண் உஷா அதற்குப் பொறுப்பு, நான் கூப்பிட்டால் போகிற மொழிபெயர்ப்பாளர், நவம்பரில் நீதிபதி அம்மா இங்கே வந்து எங்கள் ஆக்களிடம் நேரில் கேட்கப்போகிறா — மூச்சு விடாமல் சொன்னேன்.

"அந்த அம்மா கேட்டவுடனை சொல்லிப்போடுவாங்களாக்கும்" என்றார்.

"நீங்கள் சோத்தைச் சாப்பிடுங்கோ" என்றேன்.


ஒக்ரோபர் 9, வியாழன்

திகதி உறுதி. குணேசக்காதான் முதலாவது ஆள்.


ஒக்ரோபர் 14, செவ்வாய்

குணேசக்கா போன். சேலை உடுக்கிறதோ, ஜீன்ஸோ? சேலை உடுத்தால் கோயிலுக்குப் போன மாதிரி இருக்குமோ? ஜீன்ஸ் போட்டால் இவளுக்கு என்ன கவலை எண்டு நினைப்பினமோ? பிறகு, "அழுகை வந்தா அந்த அம்மாவுக்கு எழுதக் கஷ்டமா இருக்குமோ?" என்று கேட்டா. அவ நீதிபதியாக இருந்தவ அக்கா, எத்தினை அழுகை பார்த்திருப்பா என்றேன்.

போன வாரமே அருமைநாதன் அண்ணையின் பெயர், பிறந்த ஊர், அவருடைய தங்கச்சி வவுனியாவில் இருக்கிற முகவரி எல்லாம் உஷாவிடம் குடுத்தாச்சு. வேறு ஆரும் பாக்கமாட்டினமோ என்று குணேசக்கா மூன்று தரம் கேட்டுத்தான் குடுத்தவ.


ஒக்ரோபர் 21, செவ்வாய்

தீபாவளி முறுக்கு இன்னும் டப்பாவில் கிடக்கு. அதற்குள் இது.

காலையில் உஷா. "தாட்சாயினி, ஆபீஸ்ல ஒரே குழப்பம். ஃபண்ட் வரல."

எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். விளங்கியதா என்பதும் சந்தேகம். நீதிபதி அம்மாவின் பதவிக்குப் பல நாடுகள் காசு குடுக்கினம். பெரிய பங்கு ஒரு அரசாங்கத்தினது. அவை தருகிறோம் என்று சொன்னதைத் தரவில்லை. தரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. வித்ஹெல்ட் என்று ஒரு சொல் எழுதியிருக்கினம். ரிவ்யூவாம், அவைக்குள்ளே ஏதோ விசாரணை நடக்கிறதாம், முடிந்தால் ரிலீஸ் பண்ணுவினமாம்.

"கேன்சலான்னு கேட்டேன், இல்லங்கறாங்க. அப்ப வருமான்னு கேட்டேன், அதுக்கும் பதில் இல்ல. எனக்கே ஒண்ணும் புரியல தாட்சாயினி" என்றா உஷா.

இதே அரசாங்கம்தான் போன மாதம் மனித உரிமைக்கு எங்கள் உறுதியான ஆதரவு என்று அறிக்கை விட்டது. வாசித்து எனக்குக் கண்கூடக் கலங்கினது. விசரி நான்.

பதவி இருக்கோ? இருக்கு. அலுவலகம் இருக்கோ? இருக்கு. நீதிபதி அம்மா நவம்பரில் வருவாவோ? வரமாட்டா, ரிக்கற் போடக் காசில்லை. அப்ப இருக்கிறது என்ன?

சாட்சி சொல்ல இருந்தவர்களுக்கு இன்றைக்கே வட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பவேண்டும் என்றா உஷா. "எந்த கவர்மென்ட்டுன்னு வேண்டாம். காசு கீசுன்னும் சொல்லாதீங்க, அது சென்சிடிவ். ரெண்டே வரி. யாரும் பயந்துடக் கூடாது."

இந்த வித்ஹெல்ட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? உஷா 'நிறுத்தி வச்சிருக்காங்க' என்று எழுதி அனுப்பினா. நான் விடவில்லை. நிறுத்தி என்றால் எங்கள் ஆக்களுக்கு முடிஞ்சுபோச்சு என்றுதான் காதில் விழும். யோசித்து யோசித்து, கடைசியில் இப்படிப் பதிவு செய்தேன்:

"நீதிபதி அம்மா இந்தமுறை வரமாட்டா. ஒரு அரசாங்கம் தடுத்து வைச்சிருக்கு. பயப்பிடாதேங்கோ. விசாரணை முடிய விடுவினம்."

உஷாவுக்குப் போட்டுக் காட்டினேன். "சூப்பர். ரொம்ப க்ளியரா இருக்கு" என்றா.


ஒக்ரோபர் 22, புதன்

குணேசக்கா போன் எடுக்கவில்லை. கந்தசஷ்டி தொடங்கிவிட்டது, கோயிலில் நிற்பா.


ஒக்ரோபர் 23, வியாழன்

மகேன் லாசாலில் வேலை முடிந்து வந்தவர், சப்பாத்தும் கழற்றாமல் வாசலில் நின்று, "உம்மடை நீதிபதி அம்மாவைப் பிடிச்சுப்போட்டாங்களாம், தெரியுமோ?" என்றார்.

"என்ன விசர்க்கதை இது?"

"எனக்கென்ன தெரியும். என்னோடை வேலை செய்யிற பேரின்பநாதன் அண்ணை சாப்பாட்டு நேரம் சொன்னவர். ஏதோ ஒரு நாட்டிலை தடுத்து வைச்சு விசாரிக்கினமாம். சனமெல்லாம் உதுதான் கதைக்குது."

இணையத்தில் தேடினேன், ஒன்றும் இல்லை. உஷாவுக்கு அடித்தேன். உஷா "ஐயையோ" என்று கத்திவிட்டு, போனை வைத்து, நீதிபதி அம்மாவையே கூப்பிட்டிருக்கிறா. அந்த மனுசி பேரப்பிள்ளையைப் பூங்காவில் ஊஞ்சலாட்டிக்கொண்டு நிற்கிறாவாம். என்னை யார் பிடித்தது என்று அவவே உஷாவைக் கேட்டாவாம்.

ஆர் இந்தக் கட்டுக்கதையைக் கிளப்பினது? ஆள் மட்டும் என்ரை கையிலை அம்பிடட்டும்!

குணேசக்கா இன்றைக்கும் எடுக்கவில்லை. சந்தைக்கும் வரவில்லையாம்.


ஒக்ரோபர் 24, வெள்ளி

நான்தான்.

அட கோதாரி. நான்தான்!

பல் மினுக்கிக்கொண்டு நின்றபோது ஏதோ உறுத்தினது. போய் அந்தக் குரல் செய்தியைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நீதிபதி அம்மா இந்தமுறை வரமாட்டா. ஒரு அரசாங்கம் தடுத்து வைச்சிருக்கு. — எதை? நான் எதை எண்டு சொல்லவே இல்லை! காசு எண்டு சொல்லாதேங்கோ எண்டா உஷா, நானும் சொல்லாமல் விட்டன். தமிழிலை அப்பிடி விட்டாலும் வசனம் நல்ல வடிவா நிக்கும். கேக்கிறவைதான் அந்த இடத்தை நிரப்புவினம். எங்கடை சனம் எதைப் போட்டு நிரப்பும்? காசையோ? தடுத்து வைக்கிறது எண்டா எங்களுக்கு ஆளைத்தானே. முகாம், பூசாச் சிறை, கொண்டுபோய் விசாரிக்கிற நாலாம் மாடி — தடுப்பிலை இருந்தவர், தடுப்பாலை வந்தவர் எண்டுதானே கதைக்கிறனாங்கள்.

பத்து வருசமா மொழிபெயர்க்கிறன். எனக்கு ஏன் அது காதிலை விழேல்லை? ஆங்கிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்ததாலையோ? உஷாவுக்கு விழாதது சரி, அவ சென்னை. எனக்கு?

எல்லாருக்கும் திருத்திய செய்தி அனுப்பினேன். இந்தமுறை காசு என்ற சொல்லை மூன்று தரம் சொன்னேன், உஷா என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. குணேசக்காவுக்கு மட்டும் சேரவில்லை. போன் நிப்பாட்டிக் கிடக்கு.


ஒக்ரோபர் 26, ஞாயிறு

கார்ட்டியர்வில்லில் குணேசக்கா வீட்டுக்குப் போனேன். நிருஷா கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் போஞ்சூர் என்று சொல்லிவிட்டு, அம்மா மூன்று நாளாக வேலைக்குப் போகவில்லை, ஏன் என்று கேட்டால் கத்துகிறா என்று பிரெஞ்சில் கிசுகிசுத்தாள்.

குணேசக்கா விரதம். முகம் வற்றிப்போயிருந்தது. மேசையில் போன், பக்கத்தில் கழற்றிய சிம். என்னைக் கண்டதும் முதல் கேள்வி, "உனக்கு ஒண்டும் இல்லையோ? உன்னையும் விசாரிச்சவையோ?"

அழுகை வந்துவிட்டது எனக்கு. அப்படியே சொன்னேன். அக்கா, ஒருத்தரையும் பிடிக்கேல்லை. காசைத்தான். காசை அனுப்பாமல் வைச்சிருக்கினம். நான்தான் பிழையாச் சொல்லிப்போட்டன்.

"காசையோ?"

"ஓம், காசை."

"காசையோ தடுத்து வைச்சிருக்கினம்?" திரும்பக் கேட்டா. சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. சிரிப்பில்லை.

அவ என்ன செய்திருக்கிறா என்றால், என் குரல் செய்தி கேட்ட இரவே வவுனியாவுக்குப் போன் எடுத்து அருமைநாதன் அண்ணையின் தங்கச்சி குடும்பத்தை வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிடச் சொல்லியிருக்கிறா. நீதிபதி அம்மாவையே பிடிச்சாங்கள் எண்டா, அவவின்ரை கையிலை இருந்த பேரும் முகவரியும் இப்ப ஆற்றை கையிலை? அதுகள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு மன்னாரில் ஆரோ வீட்டில் கிடக்குதுகள். என்ரை ஒரு சொல்லாலை.

ஏசட்டும் என்று இருந்தேன். நல்லாய் ஏசவேண்டும், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி. அவ ஏசவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னா:

"பஸ்ஸிலை ஏத்தேக்கை உதேதான் தாட்சா சொன்னவை. தமிழ் தெரிஞ்ச ஒருத்தன் நிண்டவன். தடுத்து வைக்கிறம், பயப்பிடாதேங்கோ, விசாரணை முடிய விடுவம். சொல்லுக்குச் சொல். உன்ரை குரலிலை அதைக் கேக்க எனக்கு நெஞ்சு நிண்டுபோச்சு."

நிருஷா அறை வாசலில் நின்றாள். என்ன நடக்குது என்று பிரெஞ்சில் கேட்டாள். தாயும் நானும் ஒரே நேரத்தில் "ஒண்டுமில்லை" என்றோம். அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் இருக்கும்போதே சிம்மைப் போட்டு மன்னாருக்குக் கதைத்தா. அதுகள் நாளைக்கு வீட்டுக்குத் திரும்பும். நான் வெளிக்கிட, "காசு வந்தா அந்த அம்மா வருவாதானே?" என்று கேட்டா. ஓம் என்றேன். எந்தத் துணிவில் சொன்னேன் என்று தெரியவில்லை.


நவம்பர் 4, செவ்வாய்

உஷா: இன்னும் ரிவ்யூ. மகேன்: எதை ரிவ்யூ பண்ணுறாங்கள்? நான்: தெரியாது. மகேன்: ஆர் பண்ணுறாங்கள்? நான்: தெரியாது எண்டு சொல்லுறன், பேந்தும் பேந்தும் கேட்டா?

பாவம், அவரில் ஏன் பாய்ந்தேன்.


நவம்பர் 13, வியாழன்

இதை ஒழுங்காக எழுதவேண்டும். மண்டை விறைத்துப்போய் இருக்கு.

காசைத் தடுத்து வைத்த அரசாங்கத்தின் அதிகாரி ஒருவர் மொன்றியலுக்கு வந்தார். மனித உரிமை அமைப்புகளோடு கலந்துரையாடல் என்று ஒரு பல்கலைக்கழக மண்டபத்தில் கூட்டம். உஷா எங்களுக்கும் இடம் எடுத்தா. நான் குணேசக்காவிடம் சும்மா ஒரு வார்த்தைக்குத்தான் சொன்னேன். வருவா என்று நினைக்கவே இல்லை. சந்தையில் லீவு போட்டு, சேலை உடுத்து, மேலே குளிர்க் கோட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றா. கோட்டைக் கடைசிவரை கழற்றவே இல்லை.

அதிகாரி சின்ன வயது. நல்ல பெடியன் என்றுதான் சொல்லவேண்டும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று குணேசக்காவை முதலில் உள்ளே விட்டவர் அவர்தான். அரை மணித்தியாலம் கதைத்தார். மனித உரிமை, பங்காளிகள், உறுதிப்பாடு. நான் அக்காவின் காதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாம் நல்ல சொல்லு. அக்கா ஒருக்கா, "எங்களுக்கு ஆதரவோ, எதிரோ?" என்று கேட்டா. "தெரியேல்லை அக்கா" என்றேன்.

கேள்வி நேரம். உஷா கேட்டா, பெரிய அமைப்புக்காரர் கேட்டார்கள். பதில் எல்லாம் வழவழ. திடீரென்று குணேசக்கா எழும்பிவிட்டா.

"அந்தக் காசு இப்ப எங்கை இருக்கு எண்டு கேள்" என்றா.

கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. எங்கே என்றால்?

"தடுத்து வைச்சிருக்கிறதெண்டா ஓரிடத்திலை இருக்கத்தானே வேணும். எந்த இடம்?"

நான் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அப்படி ஒரு இடத்தில் இல்லை, இது நிர்வாக நடைமுறை என்றார்.

"ஆர் விசாரிக்கினம்?"

உள்ளக விசாரணை, பெயர் சொல்ல முடியாது.

"எப்ப முடியும்?"

காலவரையறை இல்லை.

"முடிஞ்சா விடுவினமோ?"

முடிவை இப்போதே ஊகிப்பது முறையல்ல.

"அப்ப இல்லையெண்டு எழுதித் தரச் சொல்லு."

மறுக்கப்படவில்லையே, மறுக்காத ஒன்றை எப்படி எழுதித் தருவது என்றார். குரலில் ஒரு கள்ளமும் இல்லை. அவருக்கும் குழப்பமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரியாத எதையோ மறைத்து வைத்திருக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் போல. எனக்கு அவரில் கோபம் வரவேண்டும், வந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆரிலை கோவிக்கிறது எண்டு தெரியாமல் இருக்கிறதுதான் பெரிய கொடுமை.

அக்கா கதிரையில் இருந்துவிட்டா. மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தா. என் பக்கம் திரும்பி, "நீ பிழையாச் சொல்லேல்லை தாட்சா. சரியான சொல்லுத்தான் போட்டனி" என்றா.

அதற்குப் பிறகு அவர் கதைத்த எதையும் என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை. அக்காவும் கேட்கவில்லை.


நவம்பர் 14, வெள்ளி

மகேன் கேட்டார், "அப்ப காசு வருமோ வராதோ?" அழுதுகொண்டு சமைத்தேன். குழம்புக்கு உப்பு இரண்டுதரம் போட்டிருக்கிறேன். பேசாமல் சாப்பிட்டார்.


டிசெம்பர் 5, வெள்ளி

அலுவலகத்தின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கவில்லை. உஷாவும் நானும் பெட்டி கட்டினோம். உஷாவுக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லை. அவவின் மனுசன் ஜெயசங்கர் வந்து பெட்டிகளைக் காரில் ஏற்றினார்.

"பதவி இருக்குங்க" என்றா உஷா, பெட்டியை ஒட்டிக்கொண்டே. "மேடம் இன்னும் விசாரணையாளர்தான். ஸ்டாஃப் இல்ல, டிராவல் இல்ல, புதுசா சாட்சியம் எடுக்கக் கூடாது, கவர்மென்ட்டுகளுக்கு லெட்டர் போட ஆள் இல்ல. ஆனா பதவி இருக்கு."

"அப்ப அவ என்ன செய்வா?"

"தெரியல தாட்சாயினி. அவங்களும் அதத்தான் கேக்கறாங்க."

ரத்து என்ற சொல்லை இன்றுவரை ஒருவரும் எழுதவில்லை.

குணேசக்காவுக்கு யார் சொல்வது? நான்தான். சந்தைக்குப் போய் நின்றேன். குளிருக்குக் கடையைக் கண்ணாடியால் அடைத்திருக்கினம். உள்ளே கத்தரிக்காய் துடைத்துக்கொண்டு நின்றா. நான் வாயைத் திறக்கமுதல், "பூட்டியாச்சோ?" என்றா. ஓம் அக்கா. "ம்" என்றா. ஒரு பிரெஞ்சுக்காரி வந்து கத்தரிக்காய் என்ன விலை என்று கேட்க, அவவுக்குச் சிரித்து விலை சொல்லிக் குடுத்து மெர்சியும் சொன்னா.

எனக்கு வேறு வேலை இருக்கு. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நீதிமன்றம். அவ ஒருக்காச் சொல்ல வைத்திருந்ததை என்ன செய்வா? அப்பிடியே கொண்டு போய்விடுவாவோ? இரண்டு வருசம் கெஞ்சி அவவின் வாயைத் திறக்கப்பண்ணினது நான். திறந்துவிட்டு, கேட்கிறதுக்கு ஆளில்லை என்கிறேன். சும்மா கிடந்தவவைக் கிளறியது சரியோ? இதையும் ஆரைக் கேட்கிறது?


ஜனவரி 6, 2026, செவ்வாய்

குணேசக்கா போன். "ஞாயிறு வாறியோ? சொல்லப்போறன்."

"ஆருக்கு அக்கா?"

"நிருஷாவுக்கு."

அதற்கு நான் எதற்கு, பிள்ளைக்குத் தமிழ் விளங்கும்தானே என்றேன்.

"சாப்பிடு, குளி, கெதியா வா, கோட்டைப் போடு. அந்தத் தமிழ்தான் எனக்கும் அவளுக்கும் நடுவிலை இருக்கு. இது அந்தத் தமிழ் இல்லை. நான் சொல்லேக்கை அவள் பாதி விளங்காமல் நிண்டா, திருப்பிச் சொல்ல என்னாலை ஏலாது. நீ வா."

"ஒருக்காத்தான் சொல்லுவன் எண்டனீங்கள், அக்கா. நாளைக்கு ஒருவேளை காசு வந்து, நீதிபதி அம்மா வந்தா?"

"வரட்டும். அவ கேட்டா நிருஷா சொல்லுவாள்."


ஜனவரி 11, ஞாயிறு

பனி கொட்டுகிறது. பஸ் பிந்தி, நான் போய்ச் சேர அவர்கள் இரண்டு பேரும் மேசையில் இருந்தார்கள், ஆளுக்கு ஒரு பக்கம், பரீட்சை எழுதப்போகிறவர்கள் மாதிரி. நான் நடுவில். நிருஷா தன் போனை நிப்பாட்டி அறைக்குள் வைத்துவிட்டு வந்தாள்.

குணேசக்கா தொடங்கினா. ஒரு வசனம், நிறுத்தல், என் பிரெஞ்சு. ஒரு வசனம், நிறுத்தல். எத்தனையோ பேருக்கு மொழிபெயர்த்திருக்கிறேன், இப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்கிற ஆளைக் கண்டதில்லை. எனக்காக நிறுத்தினா. அவ சொன்னதை இங்கே எழுதமாட்டேன். அது இனி நிருஷாவினது. வெயிலைப்பற்றிச் சொன்னா, பாலத்தைப்பற்றி, தண்ணீர்ப் போத்தலைப்பற்றி. பஸ்ஸடிக்கு வந்த இடத்தில் மட்டும் தடக்கினா. பெயர் கூப்பிட்டாங்கள், ஏறச் சொன்னாங்கள், ஏறினவர் என்று மூன்று துண்டாகச் சொல்லிவிட்டு நின்றுவிட்டா. அதையும் அப்படியே மூன்று துண்டாகச் சொன்னேன்.

நிருஷா அதுவரை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரெஞ்சு என் வாயில்தானே வருகுது. ஏதோ கேட்கப் பிரெஞ்சில் தொடங்கினாள், பாதியில் விட்டாள். தாயைப் பார்த்தாள். சொல்லைத் தேடித் தேடி, தன்னுடைய சமையலறைத் தமிழில் கேட்டாள்:

"அம்மா, அப்பா என்னைத் தூக்கினவரோ? அண்டைக்கு?"

குணேசக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவர்தான் உன்னைத் தூக்கிக்கொண்டு நிண்டவர். ஏறச் சொல்லேக்கை உன்னை விடேல்லை. நான்தான் அவற்றை கையிலையிருந்து உன்னைப் பறிச்சனான்."

நான் பிரெஞ்சில் சொல்ல வாயைத் திறந்தேன். அவளுக்கு விளங்கிவிட்டது.